வளர்ச்சிக்கு இரண்டு இஞ்ச்

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் யாரும் அக்காவின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. "அளவு அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். பள்ளிச் சீருடை தைப்பதில் அவளுக்கு அப்படி ஒரு பேர். பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்ணால் அளந்து முடித்திருப்பாள். டேப்பை எடுப்பதெல்லாம் பெற்றவர்களின் திருப்திக்கு. நான் பதினொரு வருஷமாக அவளிடம் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிறேன், பட்டன் தைக்கிறேன், ஓரம் மடித்துக் கைத்தையல் போடுகிறேன், அவள் சொல்கிற அளவை நோட்டில் எழுதுகிறேன். அவளோடு வாய் கொடுத்துச் சண்டை போடுவதும் நான்தான். கடையில் வேறு ஆள் கிடையாது.

சீருடை தைக்கக் கொடுக்கிறவர்களில் "அளவா தைங்க" என்று சொன்னவர் இதுவரை ஒருவரும் இல்லை. "வளர்ற பிள்ளை, கொஞ்சம் விட்டுத் தைங்க" என்பார்கள். அதனால் நீளம் எல்லாவற்றுக்கும் அக்கா வாயிலேயே இரண்டு இஞ்ச் சேர்த்துவிடுவாள். டேப் இருபத்தாறு காட்டினால் "இருபத்தெட்டு, எழுதிக்கோ" என்பாள். நானும் எழுதுவேன். அந்த இரண்டு இஞ்ச்சை உள்ளே மடித்துத் தைத்துவிடுவேன். அடுத்த வருஷம் அதே பாவாடை, அதே கால்சட்டை திரும்பி வரும். தையலைப் பிரித்து இறக்கிவிடுவேன். மடிப்பு இருந்த இடத்தில் மட்டும் துணி வெளுக்காமல் ஒரு கோடு தெரியும். பெற்றவர்கள் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிள்ளை வளர்ந்ததை நாங்கள்தான் தைத்துக் கொடுத்த மாதிரி எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அக்காவின் சொந்த மகளுடைய பாவாடை மட்டும் இரண்டு வருஷமாகப் பிரிக்க வரவில்லை. அவளுக்கு வயது ஒன்பது. பார்த்தால் ஆறு சொல்லலாம். நடக்கப் பழகியதே கடைக்குள்தான், நாங்கள் சிந்திய பட்டன்களைப் பொறுக்கிக்கொண்டு. அதனால் பட்டன் என்றே கூப்பிட்டோம். அந்தப் பெயரே அவளைச் சின்னதாக்கிவிட்டதோ என்று அக்கா ஒருநாள் என் மேல் எரிந்து விழுந்தாள். பெயர் வைத்தது நான்.

டாக்டரிடம் போகாமல் இல்லை. ரத்தம் எடுத்தார்கள், கை எலும்பைப் படம் எடுத்தார்கள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறதாம். "சில பிள்ளைங்க லேட்டா வளரும்மா. பொறுத்துப் பார்ப்போம்" என்று ஆறு மாதத்துக்கு ஒரு தரம் சொல்லி அனுப்புகிறார். நோய் என்றால் மருந்து கேட்கலாம். ஒன்றுமில்லை என்று சொல்கிறவரிடம் என்னத்தைக் கேட்பது?

போன வருஷம் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை ஒரு கதைப் பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். காளான் வீடு, பேசுகிற மரம், நூறு வருஷம் தூங்குகிற ராஜாவின் மண்டபம் என்று கதைகளில் வருகிறதையெல்லாம் சிமெண்டில் கட்டி வைத்திருக்கிற இடம். அங்கே பெரிய விஷயம் பறக்கும் குதிரை. கோட்டையின் கூரைக்கு மேலே சுற்றிச் சுற்றிப் பறக்கும். குதிரையில் ஏறுமுன் ஒரு மர ராட்சசன் கையை நீட்டிக்கொண்டு நிற்பான். அவன் உள்ளங்கையில் நம் தலை முட்டினால்தான் ஏற விடுவார்கள். கையில் நூற்றிருபது சென்டிமீட்டர் என்று எழுதியிருக்குமாம்.

பட்டனுக்கு முட்டவில்லை. தலைக்கும் கைக்கும் நடுவில் ஒரு சிநேகிதி விரலை விட்டுப் பார்த்து "நாலு விரல்!" என்று கத்தியிருக்கிறாள். வகுப்பே மேலே பறந்தது. பட்டன் கீழே நின்று எல்லாருடைய பையையும் பிடித்துக்கொண்டிருந்தாள். பதினேழு பை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "குதிரைக்கு ரெக்கை நிஜமாவே ஆடுதும்மா" என்று மட்டும் சொன்னாள். பதினேழு பை கதையை என்னிடம்தான் சொன்னாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரே நினைப்பு. மகளை அந்தக் குதிரையில் ஏற்ற வேண்டும். வருஷம் முழுக்க முட்டை என்றாள், பால் என்றாள், கதவுச் சட்டத்தைப் பிடித்துத் தொங்கச் சொன்னாள். பட்டனும் தொங்கினாள்.

இந்த வருஷம் சீருடைக் கூட்டம் ஓய்ந்த ஒரு மதியம், அக்கா திடீரென்று மகளைச் சுவரோரம் நிறுத்தினாள். "விடுமுறையில அந்தப் பூங்காவுக்குப் போறோம். புது கவுன் தைக்கிறேன். அப்படியே உயரமும் பாத்துடலாம்" என்றாள். நான் நோட்டைப் பிரித்தேன். தோள், மார்பு, கவுன் நீளம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில் டேப்பின் நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு உச்சந்தலைவரை இழுத்தாள்.

"நாப்பத்தேழே கால்" என்றாள்.

எழுதினேன். டேப்பை வாங்கி, சென்டிமீட்டர் போட்ட மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். நாற்பத்தேழே காலுக்கு நேர் பின்னால் நூற்றிருபது. எள்ளளவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அக்கா! நூத்தி இருபது!"

எங்கள் இருவருக்கும் தலைகால் புரியவில்லை. அக்கா என்னைக் கட்டிப்பிடித்தாள். பதினொரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. பட்டன் சுவரோரமே நின்று எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள்.

அதன் பிறகு கடையில் தையலா நடந்தது? பேட்டர்ன் வெட்டுகிற பழுப்புக் காகிதத்தில் அக்கா அந்த ஒரு நாளைச் சாக்கட்டியால் வரைந்தாள். துணியில் துளி வீணாகாமல் வெட்டுகிற கை அல்லவா, நாளிலும் ஒரு நிமிஷத்தை வீணாக்கவில்லை. புதன்கிழமை, கூட்டம் குறைவு. ஆறு பத்துக்கு முதல் பஸ். ஒன்பதுக்கு வாசல் திறந்ததும் நேராகக் குதிரை. காளான் வீடு, மரம், ராஜா எல்லாம் அப்புறம். லாரி ஓட்டுகிற மாமா, பட்டனின் அப்பா, அந்த நாளுக்காக இன்னொரு டிரைவரிடம் கெஞ்சி நடை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். குதிரைக்கு முன்பதிவு செய்ய வேண்டுமென்று சொன்னதால் போன் பேசியது நான்.

"சரியா நூத்தி இருபதா? கொஞ்சம் குறைஞ்சாலும் ஏத்த மாட்டோம்மா" என்றார் அந்தப் பக்கத்து ஆள்.

"அளவு எடுக்கிறதுதான் சார் எங்க தொழிலே" என்றேன். என் வாய்க்கொழுப்பு.

செவ்வாய்க்கிழமை மதியம். மறுநாள் பயணம். நீலக் கவுனுக்கு ஓரம் மடிக்கிற வேலை மட்டும் பாக்கி. அக்கா கடைவீதிக்குப் போயிருந்தாள். எவ்வளவு மடிக்க வேண்டும் என்று பார்க்க நோட்டை எடுத்தேன். கவுன் நீளம் முப்பது. அதாவது உண்மை நீளம் இருபத்தெட்டு, இரண்டு இஞ்ச் உள்ளே போக வேண்டும். ஊசியில் நூல் கோத்தேன். அப்போதுதான் அதற்குக் கீழே இருந்த வரி கண்ணில் பட்டது. உயரம், நாற்பத்தேழே கால்.

அதே பக்கம். அதே கையெழுத்து. அதே மூச்சில் அக்கா சொன்னது.

ஊசியைக் குத்திவைக்கக்கூடத் தோன்றாமல் எழுந்தேன். பட்டன் பின்கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்து பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். "இங்க வாடி, பட்டன் எங்க வைக்கிறதுன்னு பாக்கணும்" என்று பொய் சொல்லி அளந்தேன். நாற்பத்தைந்தே கால். மறுபடி அளந்தேன். டேப்பைத் திருப்பிப் பார்த்தேன். நூற்றிப் பதினைந்து. மூன்றாவது தடவை இழுக்கப் போனபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ்ளோதான் சித்தி. இழுத்தா வருமா?"

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அவள் பின்கதவின் மேல்தாழ்ப்பாளைக் காட்டினாள். "தினமும் பாக்கறேன். இன்னும் எட்டல."

"அப்புறம் ஏன்டி சொல்லல?"

"நீங்க ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சீங்க" என்றாள். திரும்பிப் போய் மறுபடி நூல் சுற்ற ஆரம்பித்தாள்.

ஒரு மணி நேரம் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொல்லாமலே விட்டுவிடலாமா என்று நினைத்தேன். நாளைக்கு அந்த மர ராட்சசன் சொல்லட்டும். ஆனால் அத்தனை பேர் நடுவில் அக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியாது. அவள் கையில் புது வாட்டர் பாட்டிலோடு உள்ளே வந்ததும் நோட்டை அவள் முன்னால் வைத்தேன். கவுன் நீளத்தில் ஒரு விரல், உயரத்தில் ஒரு விரல். அவ்வளவுதான் செய்தேன்.

அவள் பார்த்தாள். புரிந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகும், அவள் அளவு அக்கா ஆயிற்றே. வாட்டர் பாட்டிலை மேஜையின் ஓரத்தில் வைத்தாள், அது உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"நீ எழுதும்போது கேக்கக் கூடாதா?" என்றாள்.

"நீ சொன்னதத்தான எழுதினேன்."

"என் வாய் தானா கூட்டிச் சொல்லும்னு உனக்குத் தெரியாதா? ரெண்டு இஞ்ச்ச மடிச்சுத் தைக்கிறதே நீதானே?"

அவள் சொன்னது உண்மை. நூறு பிள்ளைகளுக்கு ஞாபகம் இருந்தது இந்தப் பிள்ளைக்கு மட்டும் இரண்டு பேருக்கும் மறந்துபோயிற்று.

பிறகு அவள் மளமளவென்று வேலையில் இறங்கினாள். காலருக்கு வைக்கிற கேன்வாஸை நாலாக மடித்து வெட்டி மகளின் ஷூவுக்குள் திணித்தாள். இன்னும் இரண்டு துண்டு. முடியை உச்சியில் தூக்கிக் கட்டி, அதற்குள்ளே, உடுப்பின் தோளுக்கு வைக்கிற பஞ்சுத் திண்டை ஒளித்தாள். சுவரோரம் நிறுத்தி அளந்தாள். இந்தத் தடவை எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை. பட்டன் எல்லாவற்றுக்கும் ஒத்துழைத்தாள். "நட பாக்கலாம்" என்றதும் நாலு எட்டு வைத்தாள், ஷூ கழன்று குப்புற விழப் பார்த்தாள். நான் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா" என்றாள் பட்டன், என் கையில் தொங்கிக்கொண்டே. "அங்க இருக்கற அண்ணன் போன வருஷமே சொன்னாரு. குதிரையில கட்டற பெல்ட் பெரிய பிள்ளைங்களுக்கு செஞ்சதாம். எனக்கு லூசா இருக்குமாம். ஷூ போட்டா பெல்ட் டைட் ஆகாதும்மா."

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுற்றிலும் வெட்டுத்துணி. கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். எதையும் பிரித்து, இறக்கி, சேர்த்துச் சரி செய்துவிடுகிற கை அது. அந்தக் கையால் செய்ய ஒன்றும் இல்லாமல் போனதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"போக வேணாம்டா. அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றாள்.

"போகணும்மா. ராஜா தூங்கறத இன்னும் பாக்கவே இல்ல. போன தடவ பையப் பிடிச்சுக்கிட்டு நின்னதுல அதுக்கு நேரமே இல்ல." பட்டன் ஷூவைக் கழற்றி, உள்ளே இருந்த கேன்வாஸை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள். பிறகு பக்கத்தில் கிடந்த நீலக் கவுனைத் தொட்டாள். "இத மடிச்சுத் தைக்காதீங்க சித்தி. உள்ள கனமா தொங்குது. எனக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோ மட்டும் வையுங்க."

"அடுத்த வருஷத்துக்கு?" என்று என் வாயில் வந்துவிட்டது. பழக்கதோஷம்.

"அடுத்த வருஷம் வேற தைங்க."

நான் அக்காவைப் பார்த்தேன். வளர்ச்சிக்கு விட்ட துணியை அவள் கத்தரித்து நான் பார்த்ததே இல்லை. பிள்ளைக்கு ஆகாத காரியம் என்று நினைப்பாள். எழுந்தாள். கவுனை மகள் மேல் போட்டுவிட்டு முட்டி போட்டு உட்கார்ந்தாள். சாக்கட்டியால் கோடு கிழித்தாள், கழற்றி மேஜையில் விரித்தாள். கத்தரிக்கோலை எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே நின்றாள். பிறகு வெட்டினாள். ஓரத்தைப் பொடியாக மடித்துத் தைக்கக் கால் இஞ்ச் மட்டும் விட்டு, மிச்சம் ஒரே நீளத் துண்டாக விழுந்தது. நான் ஓரம் தைத்துக் கொடுத்தேன்.

பட்டன் போட்டுக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நின்றாள். இத்தனை வருஷமும் தொளதொளவென்ற உடுப்புக்குள்தான் அவளைப் பார்த்திருக்கிறோம், நாளைக்கு வரப்போகிற பெரிய பிள்ளைக்கு இடம் விட்டு. இந்தக் கவுன் தோளில் தோளாக, முட்டியில் முட்டியாக நின்றது. அவள் எவ்வளவு சின்னவள் என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

அவள் ஒரு சுற்றுச் சுற்றினாள். "நல்லா இருக்கா?"

அக்கா வெட்டின துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு அழுதாள். முகத்தை மறைக்கக்கூட இல்லை.

"அளவா இருக்குடா" என்றாள்.