பத்து ஐம்பதுக்குப் புறப்பாடு

பஸ் கம்பெனியில் என் அண்ணனுக்கு வைத்திருந்த பெயர் ‘நிமிஷம்’. நேரே யாரும் அப்படிக் கூப்பிடமாட்டார்கள், முதுகு திரும்பியதும் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருஷம் அந்தக் கம்பெனியின் நூற்றுப் பதினான்கு பஸ்களுக்கும் நேர அட்டவணை போட்டவர் அவர். எந்த வண்டி எப்போது கிளம்பும், எங்கே எத்தனை நிமிஷம் நிற்கும், டிரைவர் எப்போது சாப்பிடுவார் என்பதையெல்லாம் மேஜையளவு தாளில் கோடு போட்டே சொல்லிவிடுவார். அவருக்கு வேதவாக்கு ஒன்றுதான்: “ஒருத்தருக்காக வண்டி நின்னா நாப்பது பேருக்கு லேட்டு.”

இரண்டு வருஷத்துக்கு முன் கம்பெனிக்கு ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் வந்தது. அண்ணன் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்வதை அது டீ ஆறுவதற்குள் செய்து முடித்தது. அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால்கூடத் தேவலை. பயணிகள் பஸ்ஸில் மறந்துவிட்டுப் போகும் பொருள்களைத் திருப்பிக் கொடுக்கும் கவுண்டரில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். குடை, தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு. அண்ணன் மறுநாளே போய் உட்கார்ந்துவிட்டார். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

இந்த லட்சணத்தில் அவருடைய ஒரே மகள், என் மருமகள், கம்ப்யூட்டர் படிக்கப்போகிறேன் என்று நின்றாள். அதுவும் போதாதாம், கூடவே வியாபாரமும் படிக்க வேண்டுமாம். தெருமுனைச் சலவைக் கடையில் துணி மாறிப்போய் தினமும் சண்டை நடக்கும். இவள் கடைக்காரரின் போனில் ஏதோ ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தாள். அன்றிலிருந்து யாருடைய பேண்டும் அடுத்தவர் இடுப்புக்குப் போனதில்லை. “கடையும் புரியணும், கம்ப்யூட்டரும் புரியணும் அத்தை. ரெண்டும் சேந்தாத்தான் எனக்குப் புடிக்குது” என்பாள். இரண்டையும் ஒரே படிப்பாகச் சொல்லித்தரும் கல்லூரி எங்களுக்கு எட்டும் தூரத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அண்ணன் குதிப்பார் என்று பயந்தோம். அவரோ, “படிக்கட்டும். ஆனா அஞ்சு காலேஜ் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணணும். பிளான் நான் போடுறேன்” என்றார். பரண்மேல் ஏறியிருந்த சிவப்பு, நீலப் பென்சில்கள் இறங்கி வந்தன. ஒரு வாரம் கழித்து ஃப்ரிட்ஜ் கதவில் தாள் ஒட்டப்பட்டது. இரண்டு நாள், ஐந்து கல்லூரி. வந்து சேரும் நேரம், புறப்படும் நேரம், நடைக்கு ஆறு நிமிஷம், தண்ணீர் குடிக்க இரண்டு, கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம். அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்கவில்லை, அதனால் துணைக்கு நான் கிளம்பினேன்.

“எனக்கு எத்தனை நிமிஷம் ஒதுக்கியிருக்கீங்கண்ணே?”

“உன் வாய்க்குப் பத்து நிமிஷம் தனியா போட்டிருக்கேன். அதுக்கு மேல போச்சுன்னா விட்டுட்டுப் போயிடுவேன்.”

முதல் நாள் இரண்டு கல்லூரிகள். முதலாவதில் கட்டடத்தைச் சுற்றிக் காட்டினார்கள், பாடத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாவதில் ஒரு வாத்தியார் இவள் ஆசையைக் கேட்டுவிட்டு, “ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு காலா? ஏதாவது ஒண்ணைப் படிம்மா” என்று சிரித்தார். அண்ணன் அதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை. வந்த நேரம் சரி, போன நேரம் சரி என்று சிவப்பில் டிக் அடித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் இரண்டு வருஷமாகப் பார்த்ததில்லை.

மறுநாள் பத்து ஐந்துக்கு மூன்றாவது கல்லூரி, அவள் ஆசைப்பட்ட கல்லூரி. அங்கே பாதி இடம் மார்க்குக்கு. மீதி இடங்களுக்கு, அன்று பார்க்க வருகிறவர்களில் சிலரைத் துறைத்தலைவியே பேசிப் பார்த்து எடுத்துக்கொள்வாராம். கணக்கைத் தவிர மற்றதில் எங்கள் பெண் சுமார்தான், மார்க்கை நம்பிப் பயனில்லை. சலவைக் கடை வேலையை இரண்டு பக்கத்தில் எழுதி, வாசலில் இருந்த உதவியாளரிடம் கொடுத்தாள். அவர் உள்ளே போய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார்.

“மேடம் படிச்சாங்க. சலவைக் கடைப் பொண்ணை அனுப்பிடாதே, நான் பேசணும்னு சொல்றாங்க. முன்னாடி ரெண்டு பேர் இருக்காங்க, அரைமணி நேரம் ஆகும்.”

என் மருமகள் என் கையைப் பிடித்தாள். மணி பத்து முப்பத்தெட்டு.

பத்து ஐம்பதுக்கு அண்ணன் எழுந்துவிட்டார். “கிளம்பலாம். பத்து அம்பத்தெட்டு பஸ்.”

“அண்ணே, உங்களுக்குப் பைத்தியமா? அடுத்த பஸ்ல போனா என்ன?”

“அடுத்தது பதினொண்ணு நாப்பது. நாலாவது காலேஜ்ல பன்னெண்டுக்கு கேட்டை மூடிடுவான். அது போனா அஞ்சாவதும் போச்சு.”

“போகட்டுமே! அந்த ரெண்டும் யாருக்கு வேணும்?”

“ஒண்ணு தவறினா எல்லாம் தவறும்” என்றார். தாளில் அடுத்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். உதவியாளரிடம், “மேடம்கிட்ட அப்புறமா போன்ல பேசிக்கலாமில்ல?” என்று கேட்டார்.

“இன்னிக்கு மட்டும்தான் சார்.”

நான் மருமகளைப் பார்த்தேன். “நீ சொல்லுடி!” அவள் அப்பா கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “போலாம்ப்பா” என்றாள். அந்த நிமிஷம் எனக்கு அண்ணனைவிட அவள்மேல்தான் ஆத்திரம் வந்தது.

நாலாவது கல்லூரியில் காவலாளியைத் தவிர ஈ காக்கை இல்லை. ஐந்தாவதில் ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். மாலை ஆறு இருபதுக்கு வீட்டு வாசலை மிதித்தோம், தாளிலும் அதே ஆறு இருபது. அன்று அண்ணன் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார். “அந்த மெஷினால இப்படிப் போட முடியுமா, சொல்லு பாப்போம்” என்று அண்ணியிடம் சவால் விட்டார்.

மருமகள் இரண்டாவது கல்லூரியில் சேர்ந்தாள். வெறும் கம்ப்யூட்டர். சேர்ந்த அன்று மனசு ஆறாமல் கேட்டேவிட்டேன், “அன்னிக்கு ஏண்டி எழுந்த? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரை நான் கட்டிப் போட்டிருப்பேனே.”

“அப்பா போட்டது ஒண்ணாவது சரியா ஓடட்டும்னு தோணுச்சு அத்தை.” பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, “அவர்கிட்ட சொல்லிடாதீங்க” என்றாள்.

போன மாதம் பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு அண்ணனின் கவுண்டருக்குப் போனேன். சுவரில் அந்தத் தாள். எனக்கு முன்னால் நின்றவரிடம் அண்ணன் பென்சிலால் காட்டிக்கொண்டிருந்தார், “ரெண்டு நாள், அஞ்சு காலேஜ். ஒரு நிமிஷம் லேட்டில்ல சார்.”

“பொண்ணு எதுல சேந்துச்சு?”

“ரெண்டாவதுல” என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, பென்சிலை மறுபடி முதல் வரிக்குக் கொண்டுபோனார்.

அன்று அவள் ஏன் எழுந்தாள் என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு என் குடையை வாங்கிக்கொண்டேன். மூன்றாவது வரியில், வருகை பத்து ஐந்து, புறப்பாடு பத்து ஐம்பது. ‘குறிப்பு’ கட்டத்தில் சிவப்புப் பென்சிலால் எழுதியிருந்தார்: ‘தாமதம் இல்லை.’