வெள்ளிமலையில் வளைந்த தகடு

சேலத்திலிருந்து சென்னைக்கு யாராவது கல்வராயன் மலை ஏறிப் போவார்களா? நான் போனேன். இடஒதுக்கீட்டுப் போராட்ட நேரம். உளுந்தூர்பேட்டைச் சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். சென்னையில் மறுநாள் ஒருநாள் மட்டும்தான் எனக்குச் சோதனை இயந்திரம். தவறினால் முனைவர் பட்டம் அவ்வளவுதான்.

கையில் நான்கு எஃகுத் தகடுகள், ஒவ்வொன்றும் ஒரு கை நீளம். தகட்டை ஒரு திசையில் இழுத்தால் இறுகும். அதன்பின் எந்தத் திசையில் இழுத்தாலும் அதே இறுக்கம்தான் என்றது என் பேராசிரியரின் சமன்பாடு. திசை மாறினால் சீக்கிரமே விட்டுக்கொடுக்கும் என்றது என்னுடையது. தகடுகளைச் சேலத்தில் நீளவாக்கில் இழுத்தாயிற்று; சென்னையில் குறுக்குவாக்கில் இழுக்க வேண்டும்.

கருமந்துறை வரை பஸ், அங்கிருந்து வெள்ளிமலைக்கு ஜீப். வெள்ளிமலையில் டீ குடிக்க இறங்கினேன். திரும்பி வந்தால் டிரைவர் கொளஞ்சி, சாமை மூட்டைக்கு இடம் வேண்டுமென்று, ஒரு தகட்டை ஜீப்பின் கூரைக் குழாயில் வைத்து வளைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு உயிரே போய்விட்டது.

“ஐயோ, இன்னா பண்றீங்க!”

“கோவிச்சிக்காதீங்க. தோ, நிமித்திட்டேன். பாருங்க, முன்ன மாதிரியே கீது.”

“பாக்கத்தாங்க அப்படி இருக்கு. உள்ள எல்லாம் மாறிடுச்சி.”

“தகடுக்கு உள்ள இன்னாங்க கீது?” என்றார், நிஜமாகவே குழம்பி.

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டித் தீர்த்தேன். மிச்ச மூன்றையும் மடியில் கிடத்திக்கொண்டேன். அதே ஜீப்பில் மலை இறக்கம்; கச்சிராயபாளையம் வரை கொண்டையூசி வளைவுகள், இரண்டு மணி நேரம், ஆறு ரூபாய். பாதி வழியில்தான் புத்தி வந்தது: வளைத்து நிமிர்த்தினால் அதுவும் திசைமாற்றம்தானே! வளைத்தபோது இழுபட்ட பக்கம் நிமிர்த்தியபோது அமுங்கியிருக்கும், அமுங்கிய பக்கம் இழுபட்டிருக்கும். இறங்கியதும், தகடு எவ்வளவு வளைந்தது என்று கணக்கிட, புடவைத் தலைப்பால் குழாயின் சுற்றளவை அளந்தேன்.

“எந்தப் பக்கம் மேல வச்சி வளைச்சீங்க?”

“இப்பதான் அந்தத் திட்டு திட்னீங்க. இப்ப இன்னாத்துக்குங்க அது?” என்றவர், கையால் காட்டினார்.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் மாலை வரை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இருட்டும் நேரத்தில் வழி திறந்தது. ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு சென்னை போய்ச் சேர்ந்தேன்.

பத்திரமாக வந்த மூன்று தகடுகளும் என்னைக் கைவிட்டன. இரண்டு சமன்பாடுகளுக்கும் ஏறக்குறையப் பொருந்தின. சோதனையைப் பார்க்க வந்திருந்த பேராசிரியர் முகத்தில் சிரிப்பு. பிடிவாதமாக நான்காவதையும் மாட்டச் சொன்னேன். அவர் சொன்ன அளவுக்கு வெகு முன்பே, நான் கணக்குப் போட்ட இடத்தில் அது விட்டுக்கொடுத்தது. அவர் சிரிப்பை நிறுத்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்த வழியில் போகிறவர்களுக்கு: காலையிலேயே மலை ஏறிவிடுங்கள், மழை நாளில் வேண்டாம். வாந்தி வருமென்றால் முன் இருக்கை. தகடு கொண்டுபோனால் மடியிலேயே வைத்திருங்கள். அப்படியும் யாராவது வளைத்துவிட்டால், திட்டுவதற்கு முன் எந்தக் குழாயில், எந்தப் பக்கமாக வளைத்தார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.