முழுக்கைச் சட்டைக்குள் ஒரு கொப்புளம்

போன ஞாயிறு கிள்ளானில் ஒரு தொட்டில் சடங்கு. என் தம்பி மகள் கவிதாவுக்கு முதல் பிள்ளை, ஆண். வெளியே மழை வருகிற மந்தாரம்... உள்ளே ஸ்பிரிங்கில் தொங்கும் சாரோங் தொட்டில் மேலும் கீழும் ஆட, பார்த்துக்கொண்டிருந்த எனக்கே கண் சொருகியது. சமையலறையிலிருந்து மட்டன் பெரட்டல் வாசனை வேறு. சொர்க்கம் இப்படித்தான் இருக்குமோ?

ஒன்று மட்டும் உறுத்தியது. அந்தப் புழுக்கத்தில் பிள்ளைக்கு எதற்கு முழுக்கைச் சட்டை?

"சும்மாதான் அத்தை... குளிருமேன்னு" என்றாள் கவிதா. என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

பிள்ளை சிணுங்கியது. கவிதாவின் மாமியார் தூக்கினார். சட்டைக் கை மேலேறியது. இடது தோளுக்குக் கீழே, சீழ் கோத்த ஒரு கொப்புளம்!

"ஐயோ, அம்மை போட்டிருக்கு! அடுப்ப அணைங்க லா!" என்று அலறினார்.

அவ்வளவுதான். மட்டன் பாதி வேக்காட்டில் நின்றது. யாரோ வேப்பிலை தேடி ஓடினார்கள். விருந்தாளிகள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள் — 'போயிட்டு வரேன்' என்று யாரும் வாய் திறக்கவில்லை. அம்மை போட்ட வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாதே! நானும் கைப்பையைத் தேடினேன், மறைப்பானேன்?

கவிதா உடைந்து அழுதாள். "ஒரு வாரமா இருக்கு அத்தை. ஃபங்ஷன நிறுத்திடுவாங்கன்னு மறைச்சேன். பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

கைப்பையை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் ஜாமில் மாட்டி, தாமதமாக வந்து சேர்ந்தாள் அந்த மாமியாரின் மகள் லதா. பூச்சோங்கில் ஒரு கிளினிக்கில் மிஸ்ஸி — நர்ஸைத்தான் இங்கே அப்படிக் கூப்பிடுவோம். பிள்ளையின் கையைப் பார்த்தாள். அக்குளைத் தடவினாள். நெற்றியைத் தொட்டாள்.

"மா, இது அம்மை இல்ல. பிறந்தப்ப போட்ட டிபி ஊசி. சில வாரத்துல இப்படிக் கொப்புளிக்கும், உடையும், தானா ஆறும். பிதுக்காதீங்க. மஞ்சள், க்ரீம் ஒண்ணும் தடவாதீங்க. அக்குள்ல கட்டி வந்தாலோ காய்ச்சல் அடிச்சாலோ டாக்டர்கிட்ட காட்டணும். இவனுக்கு ரெண்டும் இல்ல."

சொல்லிவிட்டு, தன் அம்மாவின் ரவிக்கைக் கையை லேசாக உயர்த்தினாள். சின்னதாய் ஒரு தழும்பு.

"இது... அதுவா?" என்றார் மாமியார்.

ஹாலே கையைச் சுருட்ட ஆரம்பித்தது. அநேகமாக எல்லோரிடமும் அதே தழும்பு! மழை பிடித்துக்கொண்டது. தொட்டில் மறுபடி ஆடியது. ஆளாளுக்குத் தன் தழும்பைத் தடவியபடி உட்கார்ந்திருந்தோம். அது ஆறிய கதை நம்மில் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? ஆனால் அதைப் பார்த்து ஒருத்தி பயந்திருப்பாள். என் அம்மாவும்தான்... பாவம், அவளை யார் தேற்றினார்களோ.

மாமியாரே பிள்ளைக்குக் கையில்லாத சட்டை மாட்டினார். கவிதாவின் கண்ணைத் துடைத்துவிட்டார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி ஒரு குரல்: "அடுப்பப் பத்த வைங்க!"

மழை விட்டதும் கிளம்பினோம். ஒருவர் விடாமல் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, சத்தமாகவே சொன்னோம் — "போயிட்டு வரேன்டா தம்பி!"