தூக்கத்தில் ஆடும் ஃபுட்பால்

காலையில் காப்பி டம்ளரோடு வந்த என் வீட்டுக்காரர் கைலியை முழங்கால்வரை தூக்கிக் காட்டினார். கணுக்காலுக்கு மேலே நன்றாகக் கன்றிப்போயிருந்தது. "நான் என்ன தப்பு பண்ணுனேன்னு சொல்லு, இல்ல கட்டிலைப் பிரிச்சுப் போடு" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் அவரை எங்கே உதைத்தேன்? பந்தையல்லவா உதைத்தேன். தேனி கடைவீதியில் எங்கள் ஜவுளிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பு வைத்துவிட்ட நான், ஐம்பதை நெருங்கும் வயதில், சில மாதங்களாகக் கனவில் பள்ளிக்கூட ஃபுட்பால் ஆடிக்கொண்டிருக்கிறேன்.

கனவு எப்போதும் ஒரே மாதிரிதான். பந்து என் காலடிக்கு வருகிறது. எதிரே கோல் திறந்து கிடக்கிறது. பின்னாலிருந்து எங்கள் கோல்கீப்பர் "அடிடீ!" என்று கத்துகிறாள். காலை ஓங்குகிறேன், விழிப்பு வந்துவிடுகிறது. பந்து உள்ளே போனதா இல்லையா என்று தெரியாமலே பல் விளக்கப் போவேன்.

அந்தக் கோல்கீப்பர்தான் எங்கள் கேப்டனும். கம்பம் பள்ளத்தாக்கில் நாங்கள் படித்த பெண்கள் பள்ளியில் அவளைப்போல நெட்டையான பெண் கிடையாது, அவளைப்போல வாயாடியும் கிடையாது. பாவாடைக்குள் அண்ணன்மார் டிரவுசரைப் போட்டுக்கொண்டு வருவோம். மைதானத்துக்கு வந்ததும் பாவாடைகளைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு ஆடுவோம். நாங்கள் எத்தனை சொதப்பினாலும் அவள் எங்களைத் திட்டியதில்லை. எல்லாப் பழியையும் காற்றின் மேல் போட்டுவிடுவாள்.

எங்கள் பக்கத்து ஆடிக் காற்றும் அந்தப் பழிக்குத் தகுதியானதுதான். மேற்கு மலையிலிருந்து இறங்கினால் ஆளையே தள்ளும். அதனால் டாஸ் ஜெயித்தவர்கள் முதல் பாதியில் காற்றை எதிர்த்து ஆடுவதுதான் வழக்கம். கால் ஓய்ந்த பிறகு காற்று பந்தைத் தள்ளிக் கொடுக்கும். பெரியகுளத்திலிருந்து வந்த அணியோடு ஆடிய கடைசி ஆட்டத்தில் டாஸ் ஜெயித்த எங்கள் கேப்டன் அதை மாற்றி, முதல் பாதியிலேயே காற்று போகும் திசையில் ஆட வைத்தாள். "பொழுது சாஞ்சா காத்து அடங்கிரும்டி. இப்பவே ஒரு கோலப் போட்டுட்டு ஹாயா நிப்போம்" என்றாள். அவள் சொன்னபடியே நான் ஒரு கோல் போட்டேன். காற்றுதான் அவள் சொன்னபடி கேட்கவில்லை. இரண்டாம் பாதியில் அவள் பந்தைக் கையிலிருந்து விட்டு ஓங்கி உதைத்தாள். பந்து மேலே போனது, சற்று நின்றது, பிறகு அவள் தலைக்கு மேலேயே திரும்பி வந்து எங்கள் கோலுக்குள் விழுந்தது. மைதானமே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் அவள்தான். கோல்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டாள். அடுத்த நிமிடம் மழை கொட்டி ஆட்டம் நின்றது. இன்னொரு நாள் ஆடலாம் என்றார்கள். பரீட்சை வந்தது, பள்ளி முடிந்தது, ஆளுக்கொரு திசையில் கல்யாணம் ஆகிப் போனோம். அதற்குப் பிறகு நான் பந்தைத் தொடவே இல்லை. யாரும் தடுக்கவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

கனவுக்கு அர்த்தம் சொல்ல ஆளா இல்லை! "குலசாமிக்கு ஏதோ குறை வச்சிருக்கோம்த்தா" என்றார் மாமியார். மனதில் ஏதோ அழுத்தம் என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள். ராத்திரி பரோட்டாவை நிறுத்தச் சொன்னார் வீட்டுக்காரர். நான் பரோட்டாவை நிறுத்தினேன், குலசாமிக்குப் பொங்கலும் வைத்தேன். கனவு நிற்கவில்லை.

போன வாரம் கோல்கீப்பரின் தம்பி தன் மகள் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கக் கடைக்கு வந்தார். அக்கா குமுளியில் இருப்பதாகச் சொல்லி நம்பரும் கொடுத்தார். அன்றைக்கே கூப்பிட்டேன். குரலில் ஒரு மாற்றமும் இல்லை, காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் என் மனசு இவளை எவ்வளவு தேடியிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கனவையும் குலசாமிக்குப் பொங்கல் வைத்த கதையையும் சொல்லி, உனக்கும் இப்படி வருமா என்று கேட்டேன்.

"எனக்கெதுக்குடி கனவு? ஞாயித்துக்கெழமையானா எஸ்டேட் பொம்பளைகளோட நான் நெசமாவே ஆடுறேனே" என்றாள். "நீ ஆடணும்னு ஆசப்பட்டுக் கெடக்க. இதுக்குப் போயி குலசாமியத் தொந்தரவு பண்ணுவாகளா? பேடிக்காம வாடி. சுடிதாரே போதும். நல்ல ஷூ மட்டும் வாங்கிக்க, இங்கன தர வழுக்கும்."

பயப்படாமல் வா என்பதைக் குமுளி மலையாளம் கலந்து பேடிக்காமல் வரச் சொல்லிவிட்டாள். எனக்கோ பயமாகத்தான் இருந்தது. விழுந்துவிடுவோமோ என்றுகூட இல்லை, கடைவீதியில் சிரிப்பார்களே என்றுதான். மூன்று கடை தள்ளியிருக்கும் விளையாட்டுச் சாமான் கடைக்காரத் தம்பி என்னை முதலாளியம்மா என்றுதான் கூப்பிடுவார். இரண்டு தடவை அந்தக் கடை வாசல்வரை போய்த் திரும்பினேன். நேற்றுக் காலை ஒரு வழியாக உள்ளே நுழைந்து ஃபுட்பால் ஷூ கேட்டேன்.

"பையனுக்கா முதலாளியம்மா? என்ன சைஸ் போடுவாப்ல?"

ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். சொந்தக்காரப் பையன் எவன் பெயரையாவது சொல்லிவிடலாம். கடையில் வேறு இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"எனக்குத்தான்" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்துவிட்டது.

 கடைக்காரத் தம்பி ஸ்டூலை இழுத்துப் போட்டு, "அப்ப கால நீட்டுங்க, போட்டுப் பாத்துருவோம்" என்றார்.