பேனாவை அசைக்காத முடி

என் முடிக்கு உணர்ச்சி கிடையாதுன்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்ன ஒரே ஆள் எங்க வீட்டுக்காரர் நல்லசிவம்தான். வேற யாராவது சொல்லியிருந்தா ரெண்டுல ஒண்ணு பார்த்திருப்பேன். இவரை என்ன செய்ய? கட்டிக்கிட்டாச்சு.

அவர் எப்படிப்பட்ட ஆள்னு முதல்ல சொல்லிடுறேன். காத்துல எவ்வளவு ஈரம் இருக்குன்னு காட்டுற கருவிகளை காலேஜ் லேப்லயும் துணி பரிசோதிக்கிற லேப்லயும் வச்சிருப்பாங்க. அது கெட்டுப்போனா சரி பண்ணுறதுதான் அவர் பொழைப்பு. ஆரம்பத்துல டெல்லி தரியாகஞ்ச்ல ஒரு கருவிக் கடையில மெக்கானிக்கா இருந்தார். முதலாளி ஓயாம ஜல்தி ஜல்தின்னு விரட்டினதுல ஒரு நாள் ரோஷம் வந்து, ஸ்க்ரூ டிரைவரை மேஜை மேல வச்சுட்டு வீட்டுக்கு வந்துட்டார். அப்புறம் ஆபீஸ்காரங்க உதவாதுன்னு ஏலத்துல தள்ளுற பழைய பெட்டிகளை எடுத்துட்டு வந்து, உசுரு கொடுத்து, விக்க ஆரம்பிச்சார். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ் என் பேர்ல. நான் சென்ட்ரல் கவர்ன்மென்ட்ல யு.டி.சி. கிளார்க். பால்கனியை அவருக்கு விட்டுக்கொடுத்தது என் பெருந்தன்மைன்னுதான் சொல்லணும்.

அந்தப் பெருந்தன்மைக்கு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்ல. ஜூன் மாசம் டெல்லி வெயில்ல ஊரே வேகும், இவர் கூலர் போட விடமாட்டார். போட்டா ஈரம் ஏறி கணக்கு தப்பிடுமாம். அடுப்புல ரசம் கொதிச்சா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, கொஞ்சம் பொறுத்துக் கொதிக்க வைக்கலாமேம்பார். குளிச்சுட்டு ஈரத் தலையோட யாராவது வந்து உட்கார்ந்தா, மரியாதையா நாற்காலியோட சேர்த்து வாசப்பக்கம் நகர்த்தி வச்சுடுவார். எமர்ஜென்சி எல்லாம் முடிஞ்சு ஊர் நிம்மதியா மூச்சுவிட்ட காலத்துல எங்க வீட்டுல மட்டும் மூச்சு விடுறதுக்கும் தடை.

அந்த வருஷம் ஏலத்துல மூணு பெட்டி சிக்கிச்சு. கண்ணாடிக்குள்ள ஒரு உருளை, அதுல சுத்தின காகிதம், அதுமேல கோடு போடுற பேனா. அந்தப் பேனாவை இழுக்குறது எதுன்னு நினைக்கிறீங்க? மனுஷ முடி. ஈரம் ஏறினா முடி நீளும், காய்ஞ்சா சுருங்கும். நீளமான முடியா பத்துப் பன்னிரண்டை வரிசையா இழுத்துக் கட்டியிருப்பாங்க. உருளையைச் சுத்துற கடிகாரத்தைக் கழட்டித் தொடச்சார், துருவைச் சுரண்டினார், வளைஞ்ச கம்பியை நிமிர்த்தினார். எல்லாம் சரியாயிடுச்சு. முடி மட்டும் மூணுலயும் அத்துப் போயிருந்தது.

முடிக்கு நான் இருக்க என்ன குறைச்சல்? கோவில்பட்டியில என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப, பின்னலைப் பார்க்கணும்னு என்னைத் திரும்பி உட்காரச் சொன்னாங்க. முகத்தைச் சரியா பார்த்தாங்களாங்கிறதே சந்தேகம். நான் பெருமையா சீப்புல வந்ததை எல்லாம் எடுத்துக் கொடுத்தேன். இவர் பிசுக்கை எடுக்குற ஈதர்ல கழுவிக் கொடுத்து, என்னை மாட்டச் சொல்லி, முடியைச் சுத்தி ஒரு ஈரத் துணியைப் போர்த்தினார். பேனா நூத்துக்குத் தொண்ணூறைத் தாண்டி நிக்கணும். என் முடி அறுபது வரைக்கும் ஏறிச்சு, அங்கேயே படுத்துத் தூங்கிடுச்சு.

"ஜெயம், உன் முடிக்கு உணர்ச்சியே இல்ல," அப்படின்னார். "இத்தனை வருஷத்துத் தேங்காய் எண்ணெய் உள்ளுக்குள்ள ஊறிப்போச்சு. ஈதர் பாவம், அது என்ன பண்ணும்?"

ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு வெயில்ல நடந்து போய் வாங்கின நல்ல எண்ணெய்க்கு இந்தப் பேரு.

பஹாட்கஞ்ச்ல ஒரு லாட்ஜுக்கு மேனேஜரா இருந்த கலியன் இவருக்கு சிநேகிதர். அங்க தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு, ரிஷிகேஷ் போறதுக்கு முன்னால தலையை ஒட்ட வெட்டிக்கிட்டாளாம். அந்த முடியை ஒரு பையில போட்டு கலியன் கொண்டுவந்து கொடுத்தார். தங்கம் மாதிரி மின்னிச்சு. இவர் அதை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்த பார்வை இருக்கே, என்னை ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்ல. எண்ணெய்னா என்னன்னே தெரியாத முடின்னு சாப்பிடும்போதும் அதே பேச்சு, படுக்கும்போதும் அதே பேச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுது. பொறாமைதான், இதுல மறைக்க என்ன இருக்கு? என் முடி அந்தப் பெட்டியில ஏறி தொண்ணூறைத் தொட்டே ஆகணும்னு நினைச்சுக்கிட்டேன். அவர் அதுக்குள்ள முதல் பெட்டியோட கடிகாரம் ஓடமாட்டேங்குதுன்னு மறுபடி பிரிச்சுப் போட்டுட்டார். எனக்கு அவகாசம் கிடைச்சுது.

எண்ணெயை நிறுத்தினேன். தினம் சீயக்காய் போட்டு அலசினேன். வாரம் ரெண்டு போனதும் என் தலை வைக்கோல் போர் ஆயிடுச்சு. கீழ் வீட்டு ருக்கு கும்பகோணத்துக்காரி, நல்ல மனசு. ஊர்ல யாருக்காவது ஏதாவதான்னு மெல்லக் கேட்டா. இல்லைன்னதும் இன்னும் கவலை ஆயிட்டா. புருஷன்காரன் வேலை வேலைன்னு இருந்தா நாமதான் அனுசரிச்சுப் போகணும்னு எனக்குப் புத்தி சொன்னா. மறுநாள் யாருக்கும் தெரியாம ஒரு பாட்டில் எண்ணெயைக் கதவுக்கிட்ட வச்சுட்டுப் போயிருக்கா. ஆபீஸ்ல எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லைன்னே முடிவு கட்டிட்டாங்க. இத்தனையும் நடக்குது, பேனா இம்மி அசைஞ்சாலும் கண்டுபிடிக்கிற மனுஷன், பொண்டாட்டி தலைவிரி கோலமா நடமாடுறதைக் கண்டுக்கவே இல்ல.

அவ முடிக்குப் பதிலா என்னுதை இவருக்குத் தெரியாம மாட்டுறதுல ஒரு சிக்கல் இருந்தது. கறுப்பு முடியை மாட்டினா கையும் களவுமா மாட்டிக்குவேன். அதுக்கும் என்கிட்ட ஒரு வழி இருந்தது. காதுக்குப் பின்னால எனக்கு நரை விழ ஆரம்பிச்சிருந்தது. கொண்டைக்குள்ள சொருகி, அவர் கண்ணுல படாம காலம் தள்ளிக்கிட்டிருந்தேன். அதுல பத்துப் பன்னிரண்டைப் பிடுங்கினேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அவர் பால் பூத்துக்குப் போன நேரத்துல ஈதர்ல கழுவினேன். பளிச்சுனு வெள்ளையா வந்துச்சு. அவளோடது தங்க நிறமாச்சே? சமையல்கட்டுல மஞ்சள்தூள் எதுக்கு இருக்கு? கரைச்சு ஒரு முக்கு முக்கிக் காயவச்சேன். அசல் வெள்ளைக்காரிதான்.

அவருக்கு வெள்ளெழுத்து வந்ததிலிருந்து முடி கோக்கிறது என் வேலை. அவர் கொடுத்ததைப் பைக்குள்ளேயே போட்டுட்டு என்னுதை மாட்டினேன். பேனா ஜம்முனு வேலை செஞ்சுது. காலையில ஒரு கோடு, ரசம் கொதிக்கையில ஒரு மேடு. எண்ணெய் படாத முடியோட அழகைப் பார்த்தியான்னு கேட்டார். முந்தானையை வாயில வச்சு அமுக்கிக்கிட்டேன். ஜெயிச்சது நான். ஆனா ஜெயிச்சேன்னு சொல்லணும்னா நரையைக் காட்டணும். இந்தக் கொடுமையை யார்கிட்ட சொல்ல?

ஞாயித்துக்கிழமை, வாங்குறதுக்கு முன்னால பெட்டியைச் சோதிச்சுப் பார்க்க வேதாந்தம் வந்தார். கோல் மார்க்கெட்ல வீடு, துணி லேப்ல பொறுப்பான உத்தியோகம், யாரையும் லேசுல நம்பாத ஆள். மத்த லேப்காரங்க எல்லாம் வேதாந்தம் வாயைப் பார்த்துத்தான் வாங்குவாங்க. அப்பதான் எனக்கு உறைச்சுது. பெட்டி சொதப்பினா போறது என் கொண்டையோட மானம் இல்ல, இவரோட பேரு. காபி டவராவோட பால்கனி வாசல்ல போய் நின்னேன்.

வேதாந்தம் காத்து ஈரத்தை அளக்கத் தானே கொண்டுவந்த இரட்டைத் தெர்மாமீட்டரைச் சுழட்டிப் பார்த்தார். பேனா காட்டின கணக்கும் அதுவும் ஒத்துப்போச்சு. அடுத்து முடியைச் சுத்தி ஈரத் துணியைப் போர்த்தச் சொன்னார். பேனா எழுபதைத் தாண்டிச்சு, எண்பதைத் தாண்டிச்சு, தொண்ணூத்தஞ்சுக்கிட்ட போய் நின்னுச்சு. நான் மூச்சு விட்டேன். இவர் துணியை எடுத்தார். வெள்ளைத் துணியில வரி வரியா மஞ்சள்.

வேதாந்தம் கண்ணாடியை இறக்கி, இது என்னய்யான்னார். இவர் துணியை மூக்குக்கிட்ட கொண்டுபோனார். அப்புறம் என்னைப் பார்த்தார். என் வைக்கோல் தலையை, அந்த மாசத்துல முதல் தடவையா, உச்சியிலிருந்து நுனி வரைக்கும் பார்த்தார். நான் டவராவைப் பிடிச்சுக்கிட்டு தரையைப் பார்த்தேன்.

"முடி எந்த ஊருய்யா? இம்போர்ட்டடா?" வேதாந்தம் விடல.

"இம்போர்ட்டட்தான் சார்," அப்படின்னார் இவர். "கோவில்பட்டி."

வேதாந்தத்துக்கு என்ன புரிஞ்சுதோ, சிரிச்சுட்டு, பெட்டியைத் திங்கக்கிழமை லேபுக்கு அனுப்பச் சொல்லிட்டுக் கிளம்பினார். படியிறங்குற சத்தம் அடங்கினதும் இவர் என் பக்கம் திரும்பினார்.

"எப்போலேருந்து நரைக்குது?"

"உங்களைக் கட்டிக்கிட்ட மறுநாள்லேருந்து."

கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். ரெண்டு பெட்டி பாக்கி இருக்குன்னு சொல்லி, முக்காலியை வெளிச்சத்துப் பக்கம் இழுத்துப் போட்டார். இத்தனை நாள் ஒளிச்சு வச்ச தலையை அவருக்குக் காட்டி உட்கார்ந்தேன். வெக்கமாத்தான் இருந்தது, எழுந்திருக்கவும் மனசில்ல. காதுக்குப் பின்னால விரலை விட்டு ஒவ்வொண்ணா தேடினார். இந்தா ஒண்ணு, இந்தா இன்னொண்ணுன்னு கூப்பாடு வேற. பொண்டாட்டிக்கு நரைச்சதுக்கு ஒரு மனுஷன் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் எங்கேயும் பார்த்ததில்ல.