இரட்டை ஓடுபாதைக்காக ஒரு சாய்ந்தமருதுப் பயணம்

கடந்த ஜூனில் விடுமுறைக்குக் கண்டி வந்திருந்தபோது, அறுகம்பே கடற்கரையில் இரண்டு நாள் சும்மா கிடந்துவிட்டு வரலாம் என்று திட்டமிட்டிருந்தேன். கிளம்புவதற்கு முதல்நாள் ரிபாஸ் அழைத்தான். வளைகுடா விமான நிலையமொன்றில் என்னோடு வேலை செய்பவன். இறங்க வரும் விமானங்களைக் கண்காணிக்கும் கருவிகளைப் பராமரிப்பதுதான் எங்கள் வேலை. மூன்று வருடம் தனியாக இருந்தவன், ஒருவழியாக மனைவி பஸ்மினாவுக்கு விசாவும் டிக்கெட்டும் எடுத்திருந்தான். அவரோ வரமாட்டேன் என்கிறாராம். விசா அந்த மாதத்தோடு முடிகிறது.

"நீ போற வழிதானே, கொஞ்சம் வெளங்கப்படுத்திட்டுப் போ. அவ வராட்டி நான் வேலைய உட்டுட்டு வாறதுதான்" என்றான்.

குழப்பத்தைத் தொடங்கியவனே அவன்தான். தங்குமிடத்து மொட்டைமாடியில் நின்று, அருகருகே உள்ள இரண்டு ஓடுபாதைகளில் இரண்டு விமானங்கள் சோடியாக இறங்குவதைப் படம்பிடித்து, 'இதப் பாத்துக்கொள்றதுதான் என்ட வேலை' என்று மனைவிக்கு அனுப்பியிருக்கிறான். பெருமையடிக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டான். இரண்டும் முட்டிக்கொண்டால் என்ன ஆவது, அங்கே இறங்கும் விமானத்தில் ஏறவே மாட்டேன் என்று பஸ்மினா பிடிவாதம்.

பஸ்மினாவின் ஊர் கல்முனைக்குப் பக்கத்துச் சாய்ந்தமருது. கண்டியில் காலை 5.30க்குக் கல்முனை பஸ். கட்டணம் 860 ரூபா, தூரம் இருநூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். மஹியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவில் வயிறு புரட்டும் என்பதால் வெறும் வயிற்றோடு ஏறுங்கள். அம்பாறை தாண்டினால் வெயில் சுடும். மாவடிப்பள்ளியில் இருபுறமும் வயல், அந்த நேரத்தில் நல்ல பச்சை. 12.15க்குக் கல்முனையில் இறங்கி முச்சக்கரவண்டி பிடித்தேன்.

"சாய்ந்தமருதுக்கா? நீங்க வந்த பஸ் அதுக்குள்ளாலதானே வந்த, அங்கயே எறங்கியிருக்கலாமே" என்றார் சாரதி. சொல்லிவிட்டு 300 ரூபாவும் வாங்கிக்கொண்டார். நீங்களாவது காரைதீவுச் சந்தி கழிந்ததும் எழுந்து நில்லுங்கள்.

பஸ்மினா ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தப் பரிசோதனை செய்பவர். வீட்டில் அவர் வாப்பா என்று அழைக்கும் தகப்பனாரும் உடன் இருந்தார். சோறு தின்று முடித்ததும் நான் ஆரம்பித்தேன். ஓடுபாதைகளுக்கு இடையே ஒரு கிலோமீற்றர் சொச்சம் இருக்கிறது, தூரத்திலிருந்து எடுத்த படத்தில் ஒட்டினாற்போல் தெரியும் என்றேன். அங்குள்ள சாதாரண ராடார் நாலைந்து செக்கனுக்கு ஒருமுறை விமானத்தின் இடத்தைக் காட்டும். எங்களுடையது செக்கனுக்கு ஒருமுறை. விமானத்தின் சமிக்ஞை சுற்றிவர நட்டிருக்கும் அன்டெனாக்களுக்கு வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்து இடத்தைக் கணக்கிடும். இரு பாதைக்கும் நடுவே யாரும் நுழையக்கூடாத பகுதி ஒன்று உண்டு. ஒரு விமானம் அந்தப் பக்கம் சாய்ந்தாலே எச்சரிக்கை ஒலிக்கும், கட்டுப்பாட்டாளர் மற்றதைத் திருப்பி அனுப்பிவிடுவார். இருபது நிமிடம் பேசியிருப்பேன். நன்றாகத்தான் பேசினேன் என்று எனக்கு எண்ணம்.

"இதெல்லாம் அவரும் செல்லிட்டார் காக்கா. மெஷின் நல்லா வேல செய்யக்குள்ள என்ன நடக்கும் எண்டுதான் ரெண்டு பேரும் செல்றீங்க. பழுதாப் போனா?" என்றார் பஸ்மினா. அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்.

பழுதாகாது என்று வாய்வரை வந்தது. அவர் பார்த்த பார்வையில் அதைச் சொல்ல முடியவில்லை.

"ஒருநாள் பழுதாப் போச்சு தங்கச்சி. நாப்பது நிமிஷம். என்ட டியூட்டிலதான்."

வாப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப என்ன செஞ்சீங்க?" என்று பஸ்மினா கேட்டார்.

"இத நம்ப வேணாம் எண்டு டவருக்குச் சொன்னோம். சோடியா எறக்கிறத நிப்பாட்டி, ஒண்டுக்குப் பின்னால ஒண்டா எடுத்தாங்க. மத்தப் பிளேனெல்லாம் மேல சுத்திட்டு நிண்டிச்சு. எங்களுக்குச் செம ஏச்சு."

"இப்ப ஏலாது, முடியாதெண்டு நீங்களாவே செல்லினீங்களா?"

"ஓம். யாரும் கேக்க முந்தியே."

"எங்கட லெப்லயும் அப்புடித்தான். மெஷின்ல சந்தேகம் வந்தா ரிப்போட் குடுக்கமாட்டம். ஆக்கள் ஏசுவாங்க, ஏசட்டும். இத மொதல்ல செல்லியிருக்கலாமே, அவரும் செல்லல்ல" என்றார் பஸ்மினா.

எனக்கு வெட்கமாகிவிட்டது. எந்த நாளை நானும் ரிபாஸும் வெளியே சொல்லக்கூடாது என்று வைத்திருந்தோமோ, அதைத்தான் அவர் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். போவேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லாமல் உள்ளே போனவர், திரும்பி வந்து கதவோரம் நின்றார்.

"காக்கா, கருவாடு கொண்டுபோக உடுவாங்களா?"

வாப்பா சத்தமாகச் சிரித்தார்.

மறுநாள் காலை 7.10க்குக் கல்முனையிலிருந்து பொத்துவில் பஸ், இரண்டு மணிநேரம், 270 ரூபா. அங்கிருந்து அறுகம்பே மூன்று கிலோமீற்றர், முச்சக்கரவண்டிக்கு 300. ஜூனில் அலைச்சறுக்கு ஆட்கள் நிறைந்திருப்பார்கள், அறையை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வெள்ளிக்கிழமையில் கல்முனைப் பக்கம் போனால் ஜும்ஆ தொழுகை நேரத்தில், பன்னிரண்டரை முதல் இரண்டு வரை, சாப்பாட்டுக் கடைகளை நம்பாதீர்கள். விமானத்தில் வருபவர்கள், மேலே சுற்ற வைத்தால் விமானிக்கு ஏசவும் வேண்டாம்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பஸ்மினா போன விமானமும் இறங்காமல் இருபத்தைந்து நிமிடம் சுற்றியதாம். ஏனென்று ரிபாஸுக்கும் தெரியாது. அன்று அவன் லீவு போட்டுவிட்டு வாசலில் காத்து நின்றிருக்கிறான். பக்கத்து இருக்கைப் பெண் பயத்தில் அழத் தொடங்க, பஸ்மினா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம்:

"அழாதீங்க. கீழ ஆரோ இப்ப ஏலாதெண்டு செல்லியிருக்காங்க."