சூடு தெரியாத கை

முதலில் கெட்டுப்போனது ஒரு சிறு பாலத்தின் வரைபடம்.

மலாக்கா டவுனில், சாலையும் பாலமும் கட்டும் இன்ஜினியர் ஆபீசில் நான் டிரேசராக இருந்தேன். பென்சிலில் போட்ட படத்தின் மேல் மெல்லிய துணியை விரித்து, மையால் அப்படியே கோடு இழுக்கும் வேலை. வலது கையில் பேனா. இடது கை ஸ்கேலை அழுத்திப் பிடிக்கும். அன்று நிமிர்ந்து பார்த்தபோது, இடது சுண்டுவிரலின் ஓரம் ஈர மையை இழுத்துக்கொண்டு துணியில் பாதி தூரம் போயிருந்தது.

"கை ஈரத்தில பட்டது உமக்குத் தெரியேல்லையே, பிள்ளை?" என்று கேட்டார் தலைமை வரைவாளர். யாழ்ப்பாணத்துக்காரர். கோபத்திலும் மரியாதை குறையாதவர்.

தெரியவில்லை என்பதுதான் உண்மை. "கவனிக்கலைங்க சார்" என்று பொய் சொன்னேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அந்த ஆபீசில் வரைபலகை முன்னால் உட்கார்ந்த ஒரே பெண் நான். எட்டு மாதக் கைக்குழந்தைக்காரி வேறு. கை சரியில்லை என்று வாயைத் திறந்தால், போய்ப் பிள்ளையைப் பார் என்று அனுப்பிவிடுவார்கள். இன்ஜினியர் ஆக முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் வரைவாளர் பரீட்சையில் தேறிவிட்டால், இன்னொருவர் போட்ட கோட்டின் மேல் கோடு போடாமல் நானே ஒரு பாலத்தை வரையலாம். அந்த ஆசையை விட எனக்கு மனமில்லை.

எங்கள் வீடு பத்து பெரண்டாம் என்ற ஊரைத் தாண்டி ஓர் எஸ்டேட்டில் இருந்தது. என் கணவர் அங்கே கணக்கு எழுதும் கிராணி. அது மலாயாவின் அவசரகாலம். காலையில் ஊரடங்கு எடுத்ததும் முதல் பஸ்சைப் பிடித்தால்தான், வழியில் சோதனை எல்லாம் முடிந்து நேரத்துக்கு ஆபீஸ் போகலாம். பகலெல்லாம் குழந்தை செல்வியைப் பார்த்துக்கொண்டது என் கணவரின் அக்கா. காலைப் பால் மட்டும் நான்தான் கொடுப்பேன். அதை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று, அப்போது கடையிலேயே பால் டின்னில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள். ஓட்டை டின் சீக்கிரம் கெட்டுவிடும் என்ற பயத்தில் நான் கொதிக்கும் தண்ணீரில் பாலைக் கலக்கி, ஆற வைத்து, இடது மணிக்கட்டின் உட்புறம் நாலு சொட்டு விட்டுப் பார்ப்பேன். அந்த இடத்தில் வெளிறிய வட்டம் ஒன்று இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு வந்த தேமல் என்று விட்டுவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை எழுந்ததே தாமதம். சொட்டு விட்டேன். ஒன்றும் தெரியவில்லை. பால் ரொம்ப ஆறிவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கொதிநீர் ஊற்றினேன். மறுபடி சொட்டு விட்டேன். அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. பஸ்சுக்கு நேரமாகிவிட்டது. புட்டியைப் பிள்ளையின் வாயில் வைத்தேன்.

அந்த அலறலை நான் எழுதப்போவதில்லை.

அக்கா ஓடி வந்து புட்டியைப் பிடுங்கித் தன் கையில் சாய்த்துப் பார்த்து, கையை உதறினார்.

"கொதிக்குது தாயி! கையில ஊத்திப் பாக்கலையா?"

"பாத்தேன்க்கா."

"பாத்தியா?"

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரிதான் கேட்டாள், என் காதுபட. "வேலைக்கி ஓடுறவகிட்ட பால குடுத்தா வேற என்னா ஆகும் லா?" எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் செல்வியின் நாக்குக்கும் உதட்டுக்கும் மருந்து தடவினார். ஆறிவிடும் என்றார். பிறகு என் கையைப் பார்த்தார். மணிக்கட்டில் கொப்புளம் கிளம்பியிருந்தது. அது எப்போது வந்தது என்றே எனக்குத் தெரியாது.

கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால் தொடுவேன், ஊசியால் குத்துவேன், தெரியும்போது சொல் என்றார். காத்திருந்தேன்.

"இன்னும் தொடலீங்களா, டாக்டர்?"

"நாலு தடவ குத்திட்டேன்மா."

முழங்கைக்குப் பின்னால் என் நரம்பு கயிறு மாதிரித் தடித்திருந்தது. அல்னார் நரம்பு (சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் உணர்ச்சி கொண்டுபோவது) என்றார். அதன் பிறகுதான் தொழுநோய் என்ற சொல்லைச் சொன்னார்.

நான் அழவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்: எனக்கு முதலில் வந்தது நிம்மதி. நான் பொறுப்பில்லாத தாய் இல்லை, என் நரம்புதான் செத்துப்போயிருக்கிறது என்ற நிம்மதி. அது பஸ்சில் வீடு வந்து சேரும்வரைகூட நிற்கவில்லை. மை இழுபட்ட அன்றே இந்த டாக்டர் முன்னால் கையை நீட்டியிருந்தால், செல்வியின் வாய் வெந்திருக்காது.

உங்கள் உடம்பில் ஓர் இடம் மரத்திருந்தால் இதை மட்டும் கேளுங்கள். வலித்தால் டாக்டரிடம் ஓடுவோம். வலிக்காததற்கும் ஓடுங்கள்.

பிள்ளையை விட்டுத் தனி வார்டில் பத்து மாதம் இருந்தேன். டாப்சோன் (கிருமியை மெல்ல மெல்ல அடக்கும் மாத்திரை) விழுங்கினேன், முழங்கைக்குக் கட்டுப் போட்டார்கள். அந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. சாப்பிட்டேன், தூங்கினேன். மனமும் கையைப் போலவே ஆகிவிட்டது. கணவர் ஜன்னலுக்கு வெளியே நின்று பேசுவார். செல்வி நடக்கிறாள் என்றார். சரி என்றேன். "ஆபீசுல ஒன் எடத்த அப்படியே வச்சிருக்காங்களாம், யாழ்ப்பாணத்துப் பெரியவரு சொன்னாரு" என்றார். அதற்கும் சரி என்றேன். அவர் போன பிறகு, எதற்குச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் என்று யோசித்துப் பார்ப்பேன்.

இனி யாருக்கும் பரவாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். போன உணர்ச்சி திரும்பாது என்றும் சொன்னார்கள். எஸ்டேட்டில் பேச்சு அடங்காததால் டவுனுக்குப் பக்கத்தில் பாச்சாங்கில் வாடகை வீட்டுக்கு மாறினோம். மறுபடி ஆபீஸ் போனேன். மேசையில் ஸ்கேல் நகராமல் இருக்க ஓர் ஈயக்கட்டியும், கைக்கு அடியில் மை உறிஞ்சும் தாளும் வைத்துக்கொண்டேன். கோடு வருகிறது, மெதுவாகத்தான். பரீட்சைக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். வீட்டில் பாலை என் உதட்டில் வைத்துப் பார்த்துத்தான் கொடுக்கிறேன். செல்வியும் அதைப் பார்த்து, குடிக்குமுன் கிண்ணத்தில் உதட்டை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

வெளியே போகும்போது அவளை எப்போதும் வலது பக்கம் விடுவேன். போன வாரம் பசாரில் வலது கையில் கூடை. அவள் அக்காவோடு பின்னால் வருகிறாள் என்று நினைத்துக்கொண்டு மீன் கடை, காய்கறிக் கடை எல்லாம் சுற்றிவிட்டேன். ஏதோ தோன்றிக் குனிந்து பார்த்தேன். என் இடது சுண்டுவிரலை இறுக்கிப் பிடித்தபடி நடந்து வந்துகொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரமாகப் பிடித்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது.